சத்து ஏறிடுச்சு

காலையில் எழுந்ததும் நான் முதலில் குடிப்பது சுண்ணாம்புத் தண்ணீர். உண்மையில் மாத்திரைதான். ஆனால் நான்கு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்தால் சுவருக்கு அடிக்கிற பதத்தில்தான் வரும். பிளாஸ்டிக் ஸ்பூனால் கலக்கி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டும். அடியில் ஒட்டியிருப்பதையும் விடக் கூடாதாம். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிக்க வேண்டும். அந்த இரண்டாவது வாய்தான் குடலைப் புரட்டும். எனக்கு முப்பத்து நான்கு வயது. பதினைந்து வருடமாக இந்தக் கண்றாவியைக் குடிக்கிறேன், ஒரு நாள்கூடப் பழகவில்லை.

எனக்குப் பிறவியிலேயே ரத்தசோகை. பெற்றவர்கள் இரண்டு பேரிடமிருந்தும் வந்தது. மாதா மாதம் ரத்தம் ஏற்றிக்கொள்கிற வகை இல்லை. எப்போதாவது உடம்பு படுத்தினால் ஏற்றுவார்கள். என் தொல்லை வேறு. ரத்தம் போதவில்லை என்று பதறிக்கொண்டு என் குடல், தின்கிற சோற்றில் இருக்கிற இரும்பையெல்லாம் இழுத்து உள்ளே போட்டுக்கொள்ளும். உள்ளே போனது தானாக வெளியே வராது. கல்லீரலில் போய்ப் படிந்து அதை அரிக்கும். அதை வெளியேற்றத்தான் அந்தச் சுண்ணாம்பு.

இதையெல்லாம் யாருக்கும் உட்கார்ந்து விளக்க எனக்குப் பிடிக்காது. கண் மஞ்சளாக இருக்கிறதே என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் 'பாவம்' என்று சொல்லிவிடுகிற முகங்களைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். கல்யாணத்தின்போது மாமியாரிடம் சொல்லும் வேலையை வீட்டுக்காரரிடம் விட்டேன். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "அவளுக்கு ரத்தம் கம்மிம்மா. இரும்புச்சத்துல ஏதோ பிரச்சினை."

வேலை பார்ப்பது அச்சகத்தில், பிழை திருத்துபவளாக. மருந்து அட்டை, சோப்பு உறை, பள்ளி நோட்டீஸ் எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் மெஷினுக்குப் போகும். ஒற்றெழுத்து விட்டுப்போனால் எனக்கு ஆகாது. அதனால் அங்கே என் பெயர் 'புள்ளி'. பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு டானிக் லேபிள் வந்தது. 'இரும்பு சத்து' என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தார்கள். நடுவில் 'ச்' போடாமல் விடமாட்டேன் என்று நின்றேன்.

"ஒரு புள்ளிக்காக மெஷினை நிறுத்தணுமா புள்ளி?" என்றார் மெஷின்காரர்.

"நிறுத்தித்தான் ஆகணும்."

ஓரத்தில் இன்னொரு குறையும் எழுதியிருந்தேன். அதற்கு முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலம் திருத்திய லேபிள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, "பாருங்க அத்தை, இந்தப் புள்ளி நான் வச்சது, என் கையெழுத்துல போனது" என்று பீற்றிக்கொண்டேன். மாமியாரும் அதை வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருடத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்து, கல்லீரலில் எவ்வளவு இரும்பு என்று ஓர் எண் சொல்வார்கள். முந்தின வருடம் ஏழு. போன வருடம் நான்கு. "மூணுக்குக் கீழ கொண்டு வந்துடு. மாத்திரையை நிறுத்திட்டு நீ குழந்தைக்குப் பார்க்கலாம்," என்றிருந்தார் டாக்டரம்மா. அந்த ஒரு பேச்சுக்காகத்தான் வருடம் முழுக்க ஒரு நாள் தவறாமல் டம்ளரை அலசி அலசிக் குடித்தேன்.

நேற்று எண் ஒன்பது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உண்மையைச் சொல்லு. மறுபடியும் வாஷ்பேசின்ல ஊத்துறியா?"

இருபது வயதில் நான்கு மாதம் அப்படி ஊற்றினேன். நானே அழுதுகொண்டு ஒத்துக்கொண்டேன். அது இன்னும் ஃபைலில் இருக்கிறது, நான் செத்த பிறகும் இருக்கும்.

"ஒரு நாள்கூட விடல டாக்டர்."

"அப்ப இது எங்கேருந்து வந்துச்சு? வேற ஏதாவது சாப்பிடுறியா?"

"வீட்டுச் சாப்பாடுதான். காலையில பீட்ரூட் ஜூஸ்."

"பீட்ரூட்டால இவ்வளவு ஏறாது," என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். அந்த அம்மா என்னை நம்பவில்லை. குழந்தைப் பேச்சு இன்னும் இரண்டு வருடத்துக்கு வேண்டாம், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். பஸ்ஸில் வரும்போது என் உடம்பையே கழற்றி எங்கேயாவது போட்டுவிட்டு வரலாம் போல அருவருப்பாக இருந்தது.

வீட்டில் மாமியார் சமையல் மேடையில் பீட்ரூட் சீவிக்கொண்டிருந்தார். கையெல்லாம் சிவப்பு. அந்த ஜூஸும் எனக்குப் பிடிக்காதுதான். குடித்தால் சாவியை நக்கிய மாதிரி ஒரு ருசி நாக்கில் தங்கும். மண் வாசனை என்பார் அத்தை. இத்தனை மாதமாகக் கக்கூஸில் கன்னங்கரேலென்று போவதையும் பார்த்தேன், பீட்ரூட்டு என்று தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். ஆசையாகக் கொடுக்கிறாரே என்று மறுபேச்சில்லாமல் குடித்தேன்.

"என்னம்மா சொன்னாங்க?"

"இரும்புச்சத்து ஒன்பதுன்னாங்க அத்தை."

அவர் முகம் மலர்ந்தது. "அப்பாடா. நாலு இருந்ததுதானே? சத்து ஏறிடுச்சு."

கல்லீரலை அரிக்கிற விஷத்துக்கும் நம் மொழியில் சத்து என்றுதான் பெயர். சத்து ஏறினால் யார்தான் சந்தோஷப்பட மாட்டார்கள்?

"அத்தை, ஜூஸ்ல என்ன கலக்குறீங்க?"

திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளை மாதிரி சிரித்தார். "திட்டாதே. நீ அந்த வெள்ளைச் சத்து மாத்திரையைக் குடிச்சுட்டுத் தினம் குமட்டிக்கிட்டு நிக்கிறே. பார்க்கவே சகிக்கல. அதான், வாய்க்குத் தெரியாம ரெண்டு மூடி ஊத்திக் கொடுத்தேன். ஒரு பேரப்பிள்ளையைப் பார்க்கணும்னா உடம்புல தெம்பு வேணாமா?"

மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். திறந்து மோந்தேன். உள்ளே கறுப்பாக இருந்தது, துருவும் சர்க்கரையும் கலந்த நாற்றம். பத்து மாதமாக என் வயிற்றுக்குள் போனது இதுதான். அவர் மேல் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். லேபிள் கண்ணில் பட்டது. 'இரும்புச் சத்து'. நடுவில் நான் வைத்த புள்ளி.

"உன் ஆபீஸ்ல அடிச்சதுதானே?" என்றார் அத்தை. "நீயே பார்த்துக் கையெழுத்துப் போட்டதுன்னு சொன்னியே. அந்த நம்பிக்கையிலதான் கடை கடையா ஏறி இதையே தேடி வாங்கினேன்."

பாட்டிலைத் திருப்பினேன். அடியில் ஒரு வரி ஓடியது. அன்று நான் ஓரத்தில் எழுதிய இன்னொரு குறை இதுதான்: 'எழுத்து மிகச் சிறியது, படிக்க முடியாது.' இடமில்லை, இருக்கிறபடி விடு என்றார் முதலாளி. ஒரு புள்ளிக்காக மெஷினை நிறுத்தியவள், இதற்காக நிறுத்தவில்லை.

"இதைப் படிங்க அத்தை."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். "வெறும் கோடு மாதிரிதான் தெரியுது. என்ன போட்டிருக்கு?"

"பிறவி ரத்தசோகை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அருந்தக் கூடாது."

அவர் பீட்ரூட் கையை முந்தானையில் துடைத்தார். மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப குழந்தை?" என்று கேட்டார்.

நான் பாட்டிலைத் திரும்ப வாங்கினேன். அந்த வரியை இன்னொரு முறை படித்தேன். ஒற்றெல்லாம் சரியாக இருந்தது.