கூடுதலாக இழுத்த வீடு

ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ஊர்க் கரண்டு இன்றுவரை வந்து சேரவில்லை. கேட்டால் அரசாங்கம் தோட்டத்தைக் கைகாட்டும், தோட்டம் அரசாங்கத்தைக் கைகாட்டும். இருவரும் கைகாட்டி முடிப்பதற்குள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு தலைமுறைக்குத் தலை நரைத்துவிட்டது.

அப்படிப்பட்ட இடத்துக்குக் கொழும்பிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். ஓடையைப் பார்த்தார். இந்தத் தீவில் வெயிலுக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லை, மலையிலிருந்து விழும் தண்ணீரை மட்டும் ஒழுங்காகப் பிடித்தாலே இந்தப் பக்கம் ஒரு லயமும் இருட்டில் கிடக்க வேண்டியதில்லை என்றார். லயத்து ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எத்தனை பேர் வந்து எத்தனை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்! சிரிக்காதவர்கள் இரண்டே பேர், கந்தப்பனும் லூக்காஸும். சீமெந்து மூட்டைகளையும் குழாய்களையும் மேலே ஏறும் ஒற்றையடிப் பாதையில் தோளில் சுமந்து ஏற்றியது அவர்கள்தான். ஓடைத் தண்ணீர் குழாயில் இறங்கிச் சக்கரத்தில் மோதி, முதல் பல்பு எரிந்த அன்று இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததை லயமே பார்த்தது.

போகும்போது இன்ஜினியர் ஒரேயொரு கட்டளை போட்டார். மெஷின் சின்னது. ஒரு வீட்டில் கூடுதலாக இழுத்தால் எல்லா வீட்டிலும் வெளிச்சம் மங்கும். பல்பும் டிவியும் போதும். அயன், கேத்தல், ரைஸ் குக்கர் எதுவும் கூடாது. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கந்தப்பனுக்கு வந்தது. மனுஷன் அந்தக் கட்டளையைச் சாமி வாக்காகவே எடுத்துக்கொண்டான். அவன் பெண்சாதி இன்னும் கரி போட்டுத்தான் அயன் பண்ணுகிறாள்.

சில வருஷம் எந்தக் குறையும் இல்லை. போன மழைக்காலம் முடிந்ததும் சாயங்காலங்களில் வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. சோறு பொங்குகிற நேரம் பார்த்துப் பல்புகள் பழுத்த எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளாகும், டிவியில் படம் சுருங்கும். ஓடையில் தண்ணீர் நிறையவே இருந்தது, சக்கரத்திலும் பழுதில்லை. அப்படியென்றால் யாரோ இழுக்கிறார்கள்.

கந்தப்பனும் லூக்காஸும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். எந்த நாள் போவதென்று இரண்டு பேரும் கூடிப் பேசித்தான் முடிவெடுப்பார்கள். விசித்திரம் என்னவென்றால், தேடப் போகிற நாளில் வெளிச்சம் மங்கவே மங்காது. மறுநாள் மங்கும். தங்கள் இரண்டு பேர் வீட்டையும் அவர்கள் பார்க்கவில்லை. அதை எதற்குப் பார்ப்பது?

ரெங்கம்மா பேச்சை எடுத்தது லூக்காஸ்தான். புருஷனை இழந்து, மகள் தயானியோடு லயத்தின் கடைசி அறையான கடைசிக் காம்பராவில் இருப்பவள் ரெங்கம்மா. கட்டாரில் வேலை செய்யும் மகன் தினேஸ் அவளுக்கு ஒரு பெரிய பெட்டி அனுப்பியிருந்தான்.

"அந்தப் பெட்டியில என்ன வந்துச்சுன்னு யாருக்கு மச்சான் தெரியும்? அது வந்த பொறகுதான் இந்தக் கூத்து," என்றான் லூக்காஸ்.

கந்தப்பனுக்கு அது சரியாகவே பட்டது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லோரையும் கூட்டி, ரெங்கம்மா வீட்டுக் கம்பியை வெட்டப்போவதாகச் சொன்னான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதவள்தான் கள்ளி என்று கூட்டம் எண்ணிக்கொண்டது. கந்தப்பன் ஏணியில் ஏறினான். கீழேயிருந்து கம்பி வெட்டும் குறட்டை எடுத்துக் கொடுத்தவன் லூக்காஸ்.

அன்று முதல் வெளிச்சம் நிமிர்ந்து நின்றது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மலையில் ரெங்கம்மாவின் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறிக்கப் பெண்கள் மறுத்தார்கள். சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த தயானியைப் பள்ளிக்கூடத்தில் 'கரண்டுக் கள்ளி மகள்' என்றார்கள். கடைசிக் காம்பராவின் ஜன்னலில் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு மினுங்குவதைப் பார்க்கும்போது கந்தப்பனுக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். நியாயம் நியாயம்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்வான்.

கொஞ்ச காலம் போனது. ஒரு சாயங்காலம் பல்பு மறுபடியும் மங்கியது.

கந்தப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழக்கம்போல லூக்காஸைக் கூட்டிக்கொண்டு தேடலாம் என்று அவன் வீட்டுக்கு ஓடினான். கதவு ஒருக்களித்து இருந்தது. உள்ளே லூக்காஸின் பெண்சாதி றீட்டா நின்றாள். அவள் முன்னால் ஒரு வெள்ளை ரைஸ் குக்கர், சிவப்பு விளக்கு எரிய, மூடி படபடக்க ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அவரு பெரகலைக்கு மாவு வாங்கப் போயிட்டாருங்கண்ணே," என்றாள் றீட்டா. பிறகு அவன் கண் போன இடத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "குவைத்துலேருந்து எங்க மக ஜெசீகா ஆசையா அனுப்புனதுண்ணே. நான் வேணாம்னுதான் சொன்னேன். ரெங்கம்மாக்கா கம்பிய வெட்டுன பொறகு, கொஞ்ச நாளைக்குப் போடாதேன்னு அவரே எடுத்துக் கட்டிலுக்கடியில வச்சிட்டாரு. இப்பதான்..."

கந்தப்பன் மீதியைக் கேட்காமல் வெளியே வந்தான்.

லூக்காஸ் மாவுப் பையோடு மேடேறி வந்தபோது கந்தப்பன் வழியிலேயே உட்கார்ந்திருந்தான். லூக்காஸுக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. ஒரு குக்கர்தானே மச்சான், மகள் அனுப்பியதை எப்படித் தூக்கிப் போடுவது என்று இழுத்தான்.

"குக்கர் போட்டதக்கூட மன்னிச்சிருவேன்டா. ரெங்கம்மா கம்பிய வெட்ட வச்சிட்டு, அவதான் கள்ளின்னு ஊரே நம்பட்டும்னு குக்கர நிறுத்தி வச்ச பாரு. என் கையில கொறடக் குடுத்தவன் நீ."

இதை மடுவத்தில் சொல்லப் போகிறாயா என்று மட்டும் லூக்காஸ் கேட்டான். கந்தப்பன் எழுந்து போனான். ஓடைத் தண்ணீரும் சக்கரமும் ஒரு நாளும் அவனை ஏமாற்றியதில்லை. கூடத் தோள் கொடுத்துச் சுமந்தவன் ஏமாற்றிவிட்டான். மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்கு வந்த எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னான். லூக்காஸ் வீட்டுக் கம்பியை வெட்டினான். அன்று சாயங்காலமே ஏணியைத் தூக்கிக்கொண்டு கடைசிக் காம்பராவுக்குப் போனான்.

ரெங்கம்மா இஸ்தோப்புத் திண்ணையில் நின்றாள். காலையில் அவளும் பெரட்டில்தான் இருந்தாள்.

"தப்பு நடந்து போச்சு ரெங்கம்மா. லூக்காஸ் என்னய நல்லா ஏமாத்திட்டான்," என்றான், கம்பத்தில் ஏணியைச் சாய்த்தபடி.

"ஒங்கள லூக்காஸ் ஏமாத்துனாரு. சரிண்ணே. என்னய யாரு ஏமாத்துனது?"

ஏறக் கால் வைத்தவன் இறங்கி அவளைப் பார்த்தான்.

"ஒருவாட்டி வந்து கேட்டிருக்கலாம். 'ரெங்கம்மா, பெட்டியில என்ன'ன்னு. கதவத் தெறந்ததும் கண்ணெதிரதானே இருந்துச்சு." அவள் குரல் உயரவே இல்லை. "லூக்காஸ் என்னா எனக்குச் சொந்தமா? நியாயம் பாக்குற நீங்களே வெட்டிட்டீங்களேன்னுதான் எனக்கு ஆறல."

திறந்திருந்த கதவு வழியே கந்தப்பன் அந்தப் பெட்டியைப் பார்த்தான். அதில் வந்த கம்பளிகள் பாயின் மேல் மடித்துக் கிடந்தன. பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு மகள் மேசையாக வைத்துப் படித்திருக்கிறாள். அதன் மேல் குப்பி லாம்பு வைத்த இடம் கறுத்து வட்டமாகப் பதிந்திருந்தது.

"கொஞ்சம் பொறு, இப்ப கம்பியக் குடுத்தர்றேன்," என்றான்.

"வேணாங்கண்ணே. தயானிக்கு நேத்தோட பரீட்ச முடிஞ்சிருச்சு. அவ படிக்கத்தான் வெளிச்சம் வேணும்னு இருந்துச்சு."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கந்தப்பன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தான். லயத்தில் மற்ற வீடுகளில் வெளிச்சம் வந்துவிட்டது. குக்கர் இல்லாததால் பல்புகள் நன்றாகவே எரிந்தன. ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தான். கடைசிக் காம்பராவில் ரெங்கம்மா குப்பி லாம்பைக்கூட ஏற்றவில்லை.