ஆறு பேருக்கு ஒரு சஹன்

சாய்ந்தமருதில் கலியாணச் சோற்றுக்கு வரும்போதே றுமானா ஒரு திட்டத்தோடுதான் வந்தாள். பிள்ளை உண்டாவதற்கான வைத்தியத்தைத் தொடங்குவதென்றால் முதலில் உடம்பைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன தடவை நிறுத்துப் பார்த்துவிட்டுத் தவணையைத் தள்ளிப்போட்டார். திங்கட்கிழமை திரும்பவும் நிறுப்பார்கள். இதுவும் தள்ளிப்போனால் புருஷன் நளீமின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

அவள் கணக்கு இதுதான். ஆறு பேர் ஒரே தாம்பாளத்தைச் சுற்றியிருந்து தின்னும் சஹன் அது. கொறிக்கிறவர்களோடு உட்கார்ந்தால் சோறு மிஞ்சும். வீணாக்கக் கூடாதென்று எல்லாரும் அவள் பக்கமே தள்ளிவிடுவார்கள். நன்றாகத் தின்கிறவர்களோடு உட்கார்ந்தால் அவளுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். அதனால் நன்றாகத் தின்கிறவளான சாச்சியின் மகள் பஸ்மினாவைத் தேடிப்போய், அவளுடைய பாயில் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். முதல் பிடியை ஆறுதலாக மென்றாள். பஸ்மினாவின் விரல்கள் இறைச்சிப் பக்கம் வந்தன. அவ்வளவுதான், றுமானாவின் கை முந்திக்கொண்டது.

சுனாமிக்குப் பிறகு, பள்ளிக்கூடத்து முகாமில், ஏழு வயதில் பழகிய கை அது. வாளியில் வரும் சோற்றை உம்மா ஒரே தட்டில் கொட்டி ஐந்து பிள்ளைகளையும் அதைச் சுற்றி உட்கார வைப்பார். மென்றுகொண்டிருந்த பிள்ளை பசியோடு படுத்தது. பஸ்மினாவும் அந்தத் தட்டில் தின்றவள்தான். இது எப்படி மறந்தது என்று றுமானா யோசிப்பதற்குள் சஹனின் அடி தெரிந்துவிட்டது. மற்றவர்கள் கையை ஒதுக்கிக்கொண்டு, இதுகள் இரண்டும் தாம்பாளத்தையும் விடாது என்று சிரித்தார்கள்.

“ஒண்ட பங்க ஆரும் பறிக்க மாட்டாங்க புள்ள. மெதுவாத் தின்னு,” என்றாள் பஸ்மினா. அவளுக்கும் வாய் நிறையச் சோறு.

“நீங்க நிப்பாட்டுங்க ராத்தா. நானும் நிப்பாட்டுறன்.”

பஸ்மினா வாயிலிருந்ததை விழுங்கினாள். பிறகு இருவரும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

பந்தியில் எல்லாரும் தின்று முடிக்காமல் ஒருத்தி மட்டும் எழும்புவது மரியாதையில்லை. பின்னால் சுவர், இரண்டு பக்கமும் முழங்கால்கள். றுமானா குனிந்தே இருந்தாள். அப்போது மறுசோற்று வாளி வந்தது. போதும் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சோறு விழுந்து ஆவி பறந்தது. அவள் பஸ்மினாவின் கையைப் பார்த்தாள். பஸ்மினா அவள் கையைப் பார்த்தாள்.

எந்தக் கை முதலில் போனதென்று இருவருக்கும் தெரியாது. கை கழுவத் தண்ணீர் வந்தபோதுதான் றுமானாவுக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது.