நாற்காலிக்கு மேலே பெய்தது

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், சொல்பவனுக்கு மிச்சமிருக்கும் மூன்று பற்களும் சாப்பிடும்போதே உதிரட்டும். கம்மோடு கடை முதலாளியின் அறையில், அவருடைய நாற்காலிக்கு நேர் மேலே மட்டும், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எச்சில் பெய்யத் தொடங்கியது. கூரையில் ஓட்டை இல்லை. மேலே மாடியும் இல்லை. முதல் சொட்டு வழுக்கையில் விழுந்து, காதோரமாக இறங்கி, சட்டைக் காலரில் போய் நின்றது.

அதற்கு முந்தைய மாதம் வீட்டில் ஒரு பேச்சு நடந்திருந்தது. சொத்தைப் பல்லில் கிராம்பை அடக்கிக்கொண்டு மனைவி சொன்னாள்: “போதுங்க. நாற்காலியை மாப்பிள்ளைகிட்ட விட்டுட்டு வீட்டோட இருங்க. உங்களைக் கண்டாலே கடையில ஒருத்தருக்கும் ஆகல.”

“யாருடி சொன்னது? ஊரே என்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடுது!”

“ஊரைக் கேட்டீங்களா?”

“கேக்குறேன். ஒரு வருஷம் உக்காந்து கேக்குறேன். நாலு பேர் நல்லதா சொல்லலைன்னா நானே எந்திரிச்சுடுறேன், போ.”

மாப்பிள்ளை மறுவாரமே கடைக்கு ஓர் இணையதளம் கட்டி, அதன் நடுவயிற்றில் ஒரு கருத்துக்கேட்புப் பெட்டியைப் பதித்தார். தளத்தைத் திறந்தால் கம்மோடு தெரியாது. முதலாளியின் முகம் தெரியும். அதன் கீழே ‘எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்ற கேள்வியும், சிரிப்பில் தொடங்கிக் கடுப்பில் முடியும் ஐந்து பொம்மை முகங்களும் தெரியும். பதில் சொல்லாமல் மூடிவிட்டுப் போவதற்கு மூலையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது; அதை முதலாளியே எடுக்கச் சொன்னார். “வந்தவன் நாலு வார்த்தை சொல்லிட்டுத்தான் போகட்டுமே, என்ன அவசரம்?” தன் போட்டோதான் அவருக்குத் திருப்தியாகவில்லை. ஒன்றில் மூக்கு பெரிது, இன்னொன்றில் தாடை தொங்கல் என்று மாற்றிக்கொண்டே இருந்தார். பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வீட்டாரும் கடையாரும் தினமும் ஒருமுறை மாப்பிள்ளையின் லேப்டாப்பில் பதில் போட்டுப் பார்க்கவேண்டும் என்பது உத்தரவு. இருமல் மருந்துப் பாட்டிலும் கையுமாகத் திரியும் கணக்காளர், “இந்த மூஞ்சியைத் தாண்டினாத்தான் டாய்லெட்டே கண்ணுல படுது” என்று முனகிக்கொண்டே தட்டினார்.

பிறகுதான் எச்சில். சில சொட்டுகள் நுரைத்தன. சில நூலாய்த் தொங்கி, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, மேசைக் கண்ணாடியில் சொத்தென்று விழுந்தன. நடுநடுவே காறி இழுத்த சளி, காலைச் சாப்பாட்டுத் துணுக்கோடு. கீழே போவதைக் கண்டு வாழ்நாளில் முகம் சுளிக்காத மனிதர், மேலிருந்து வருவதைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்தினார். அதுவும் கூடவே நகர்ந்தது. குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பந்தயம் பந்தயம்தானே.

“ஜனங்க பதில் சொல்றாங்க மாமா,” என்றார் மாப்பிள்ளை, புதினா சூயிங்கத்தைக் கடைவாய்க்கு ஒதுக்கி.

முதலாளி குடைக்குள்ளிருந்து மோந்து பார்த்தார். “ஒண்ணுல கிராம்பு வாடை. ஒண்ணுல இருமல் மருந்து. இது என்ன, புதினாவா? பாத்தீங்களா மாப்பிள்ளை, எந்தெந்த தேசத்துல இருந்தெல்லாமோ வருது!”

கடுப்பு முகங்களை எடுத்துவிட்டுச் சிரிப்பு முகத்தை மட்டும் வைக்கச் சொன்னார். அன்று சாயங்காலம் எச்சில் கெட்டியாகி, குடைத்துணி கிழிந்தது. முதல் பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்க இரண்டாவது பெட்டி ஒன்றைப் பதித்தார்கள். அன்றைக்கு வந்ததை எழுதினால் படிப்பவருக்குச் சாப்பாடு இறங்காது. துடைக்க வந்த அம்மாள் துடைப்பத்தை வாசலிலேயே போட்டுவிட்டு, “அய்யா, சம்பளமே வேணாம்” என்று போனவள்தான்.

வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கையில், கழுத்துவரை வழவழத்துப் போயிருந்த முதலாளி, “எந்திரிச்சுட்டேன்” என்றார். ‘போகாதீர்கள்’ என்று யாரும் தடுக்கவில்லை. நாற்காலியைக் கொல்லையில் போட்டு எரித்தார்கள். எச்சில் மட்டும் அதே இடத்தில் நேரம் தவறாமல் பெய்துகொண்டிருந்தது. பிளம்பர் வந்து, கடையிலேயே அகலமான வாஷ்பேசினை அதற்கு நேர் கீழே பதித்து, குழாய் இணைத்துக் கொடுத்தார். ஆண்டுகள் போயின. வாடிக்கையாளர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து, கொட்டுவது முழுவதும் வழுக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்து, அதே மாதிரி பேசின்களை இரண்டிரண்டாக வாங்கிப் போகிறார்கள். மாப்பிள்ளை எட்ட ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பில் போடுகிறார். சாயங்காலங்களில் மாமனார் வந்து, விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு, “சொட்டுக் கறை புடிக்காதுங்க, தொட்டுப் பாருங்க” என்கிறார். நன்றாகவே விற்கிறார்.

போட்டோ இன்னும் முடிவாகாததால், அந்தத் தளம் இன்றுவரை இணையத்தில் ஏற்றப்படவில்லை.