சுரங்கத் தண்ணீர் தெளிந்த வருஷம்

தொண்டிப் பக்கம் கடலில் பாசியும் சிப்பியும் வளர்க்கும் பண்ணையில் தர்மன் வேலை பார்த்தான். புயல் அந்தப் பண்ணையை வாரிக்கொண்டு போனதும், கீழப்பழுவூருக்குப் பக்கத்திலிருந்த சொந்த ஊருக்கே திரும்பிவிட்டான்.

ஊருக்கு மேற்கே சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட பெரும்பள்ளம். மழை தேங்கி, வயல் உரமும் சாக்கடையும் இறங்கி, தண்ணீர் பச்சைக் கூழாகக் கிடந்தது. ஆடுகூட வாய் வைக்காது.

"சிப்பி அழுக்கத் தின்னு தண்ணியத் தெளிய வச்சிரும். கடல்ல கண்ணால பாத்துருக்கேன்," என்றான் மனைவி வீரம்மாளிடம்.

கடல் சிப்பி இங்கே பிழைக்காது. அதனால் இருவரும் திருமானூர் வாய்க்கால்களில் நல்ல தண்ணீர்ச் சிப்பியான மட்டி பொறுக்கி வந்து, வலைப்பைகளில் போட்டு, மிதக்கும் காலி கேன்களில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். ஊர் சிரித்தது.

கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிந்தது. மீன் துள்ளியது. நாரைகள் வந்தன. படிக்கட்டு போல வெட்டிய வெள்ளைப் பாறை அடிவரை தெரிந்தது. பெண்கள் துணி துவைக்க வரத் தொடங்கினார்கள். தர்மன் தடுக்கவில்லை, அவனுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்தபோது, பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளின் மகள் ஆர்த்தி போர்வைகளை அலச எடுத்துப் போனாள். நழுவிய போர்வையைப் பிடிக்கக் காலை வைத்தாள். இடுப்பளவு போலத் தெரிந்த இடத்தில் பனைமர ஆழம் இருந்தது.

கூச்சல் கேட்டு ஓடிவந்து தர்மன் குதித்தான். தேடவே வேண்டியிருக்கவில்லை. பாறையில் கிடந்தவள் மேலிருந்தே தெரிந்தாள். ஆனால் முதல் முங்கலில் கை எட்டவில்லை. கரையில் கிடத்தியபோது உயிர் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் பச்சையம்மாள் அவன் வாசலுக்கு வந்தாள்.

"தண்ணி பச்சையா கெடந்திருந்தா எம்புள்ள கிட்டயே போயிருக்காதுடா தர்மா."

அவள் கத்தவில்லை. "அத்தை..." என்றான். அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"எங்கங்க போறீங்க?" என்று வீரம்மாள் மறித்தாள்.

"கயித்த அறுக்க."

"மட்டி என்னங்க பண்ணுச்சு? ஒரு வேலி இருந்திருந்தா புள்ள பொழச்சிருக்கும். வேலியப் போடுவோம்."

"அத்தை மூஞ்சில எப்புடி முழிப்பேன்? வழிய வுடு."

அறுத்த கயிறுகள் ஒவ்வொன்றாக மூழ்கின. அடியில் மட்டி செத்து அழுகிய நாற்றம் தெருவரை வந்தது. பங்குனி வெயிலில் தண்ணீர் மறுபடி பச்சையானது. ஒருநாள் பச்சையம்மாளின் ஆடு ஒன்று சறுக்கி விழ, அதைப் பிடிக்க இறங்கப் போனவளை வீரம்மாள்தான் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டாள். ஆடு போய்விட்டது.

அன்றே தர்மன் கருவேல முள் வெட்டி வந்து பள்ளத்தைச் சுற்றி அடைக்கத் தொடங்கினான். பாதி அடைத்திருந்தபோது பச்சையம்மாள் வந்தாள். அவனைப் பார்க்காமல் ஒரு கட்டு முள்ளை இழுத்தாள்.

"முள்ளு குத்திரும் அத்தை, வுடுங்க."

அவள் அதை இழுத்துப்போய் வேலியில் சாத்தினாள். அடைத்து முடியும்வரை தினமும் வந்தாள். முடிந்த பிறகும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"மறுபடி மட்டி கட்டலாமா?" என்று வீரம்மாள் ஒருமுறை கேட்டாள். தர்மன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனான். அவளும் அப்புறம் கேட்கவில்லை.