சேராத பால்

...விஷமில்லை என்றால் வேறென்ன, அம்சவல்லி குழந்தையை மடியில் சாய்த்தபடி பஸ் சன்னலோரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள், திருவாரூர் டாக்டரின் குரல் காதைவிட்டுப் போகவில்லை, நேற்று டீக்கடைப் பாலுக்கும் உதடு வீங்கியதா என்று கேட்டார், ஆமாம் என்றாள், "அப்ப யாரும் எதையும் கலக்கலம்மா. பசும்பாலே இந்தப் புள்ளைக்குச் சேரல. எந்த மாட்டுப் பாலா இருந்தாலும் இப்படித்தான் ஆகும். தாய்ப்பாலும் கஞ்சியும் குடு, போதும்." பால் சேராத பிள்ளையும் உண்டா... சாமிக்கே ஊற்றுகிறார்களே. தாய்ப்பால் கொடு என்கிறார், கூலி உயர்வு கேட்டு அறுவடை நின்று இருபது நாள், அரை வயிற்றுக் கஞ்சியில் மார்பில் எங்கே ஊறும், அதைப் பார்க்கப் பொறுக்காமல்தானே பக்கத்து வீட்டு ராமாயி அக்கா பால் கொண்டுவந்தாள். பண்ணைக் கொட்டகையில் பால் கறக்கிறவள், வாயில்லா ஜீவன் தவிக்கக் கூடாதென்று அவளை மட்டும் சங்கமே வேலைக்கு விட்டிருந்தது, யாருக்கும் தெரியாமல் முந்தானைக்குள் ஒரு தம்ளர்... மூன்றாம் நாள் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்து, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தபோது, விஷம் என்று முதலில் கத்தியது யார், நான்தானே, பிறகல்லவா தெரு அதைப் பிடித்துக்கொண்டது, பண்ணையார் கலந்து கொடுத்தார், இவள் அவருக்குக் கையாள் என்று. "நா ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன் அம்சு," அவ்வளவுதான் சொன்னாள் அக்கா, யார் காதில் வாங்கினார்கள், மறுநாளே வலங்கைமானில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள், போகும்போது எங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தாளா... நான்தான் கதவைச் சாத்தியிருந்தேனே.

பஸ் நின்றதும் புளியமரத்தடியிலிருந்து அவள் புருஷன் முருகையன் வேகமாக வந்தான், சாயங்காலம் சங்கக் கூட்டம், அதில் படிக்க டாக்டர் சீட்டு வேண்டுமென்று காலையிலேயே சொல்லியனுப்பியிருந்தான். என்ன கலந்திருந்தார்களாம் என்றான். விஷமே இல்லையாம், இனிப் பசும்பால் கொடுக்காமலிருந்தால் பிள்ளைக்கு ஒன்றுமில்லையாம் என்று சொல்லி, அக்காவைப் போய் அழைத்துவர வேண்டும் என்றாள். அவன் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான், மடித்தான்.

"கூலிப் பேச்சு முடியட்டும் அம்சு. அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத."

பிள்ளை பிழைத்த சேதி கேட்டு அந்த முகம் மலரவில்லை, கைக்கு வந்தது நழுவிப்போனதுபோல வாடியது, பெற்றவனா நீ என்று கேட்க வாயெடுத்தாள்... டாக்டர் விஷமில்லை என்றதும் எனக்கு மட்டும் முதலில் வந்தது சந்தோஷமா, நான் கத்தியது பொய்யாகிவிட்டதே என்றுதானே.