நுரைப் பெட்டியைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை

மச்சான் நாலு மணிக்கு வருகிறான் என்று மனைவி சொன்னதும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தேன். மூன்று மாதம் கழித்து வருகிறான். இத்தனை நாள் வராமல் இருந்ததற்குக் காரணம் என் வாய்க்கொழுப்பு.

அவன் இவளுடைய தம்பி, பஸ் டிரைவர். என் பிறந்தநாளுக்கு ஒரு நுரைப் பெட்டி வாங்கி வந்தான். டின்னில் வரும் கறுப்பு பீரை கிளாஸில் ஊற்றி, பெட்டியின் மேல்தட்டில் வைத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். காதுக்குக் கேட்காத அதிர்வில், கடையில் ஊற்றித் தருவதுபோல நுரை திரண்டு வருமாம். வரவில்லை. மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருக்கும்போது, "யாரோ உன் தலையில நல்லா மிளகா அரைச்சிருக்காங்க மாப்ளே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவனைத் தவிர. அதோடு எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டம் நின்றுபோனது. இவள் சீட்டுக்கட்டை எடுத்துத் தனியாகப் பரப்பிப் பார்த்துவிட்டு உள்ளே வைப்பாள். எனக்கும் அவன் இல்லாமல் வீடு வெறிச்சென்றுதான் இருந்தது.

"அதை ஓட வைங்க, இல்ல தெரியாம பேசிட்டேன்னு சொல்லுங்க. இன்னொரு தடவை மூக்கை உடைச்சீங்கன்னா அவன் இந்தப் பக்கமே வர மாட்டான்" என்றாள்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி நான். உள்ளே கருகிய ஒயர் ஒன்று கிடைத்தால் போதும், நான் அன்றைக்குச் சொன்னது சரியென்றும் ஆகிவிடும், அதை மாற்றிக் கொடுத்தால் அவனும் குளிர்ந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன்.

லிஃப்ட் மெக்கானிக்கான எனக்கு இதெல்லாம் விளையாட்டுச் சாமான். ரப்பர் கால்களைப் பிடுங்கினால் அடியில் நாலு ஸ்க்ரூ. உள்ளே ஒரு சின்ன போர்டு, ஒரு கம்பிச்சுருள், தட்டின் அடியில் பசை போட்டு ஒட்டிய வெள்ளை வில்லை ஒன்று. அதுதான் அதிர்வது. மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

திரும்ப மூடி, மூன்று ஸ்க்ரூவை முடுக்கி நிமிர்த்தி வைத்தேன். அதற்குள் இவள் ஃபிரிட்ஜிலிருந்து டின்னை எடுத்துத் தட்டின்மேலேயே வைத்துவிட்டாள். நான் எடுத்து கிளாஸில் ஊற்றினேன். டின் வேர்த்திருந்த இடத்தில் ஈர வட்டம். வழக்கமாகத் தட்டையும் கிளாஸின் அடியையும் காயக் காயத் துடைத்துவிட்டுத்தான் வைப்பேன். லிஃப்ட் குழியில் தண்ணீர் இறங்கி இருபது வருஷமாக நான் பட்ட பாடு அப்படி. அன்றைக்குப் பார்த்துத் துணி மேசைக்கு அடியில் கிடந்தது. வாயில் நாலாவது ஸ்க்ரூ வேறு. கிளாஸை அப்படியே வைத்துப் பொத்தானை அமுக்கினேன்.

கறுப்புக்குள்ளிருந்து நுரை திரண்டு மேலே வந்தது.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். ஒன்றுமில்லை. தட்டில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு வைத்தேன். வந்தது. பெட்டியோடு வந்த காகிதத்தில் இதைத்தான் எழுதியிருப்பார்கள். அதைப் படிக்கிறவன் மெக்கானிக்கே இல்லை என்று அன்றே கசக்கிப் போட்டிருந்தேன்.

இவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ரிப்பேர் பண்ணிட்டேன்னே சொல்லிக்கங்க. நான் காட்டிக் குடுக்க மாட்டேன்."

ஆசையாகத்தான் இருந்தது. அழைப்பு மணி அடித்தது.

மச்சான் பையோடு உள்ளே வந்து கிளாஸைப் பார்த்தான். "ஓடுதா? ரிப்பேர் பண்ணிட்டீங்களா மாமா?"

வாயிலிருந்த ஸ்க்ரூவை எடுத்தேன். "ரிப்பேரெல்லாம் இல்ல மாப்ளே. தட்டுல கொஞ்சம் தண்ணி நிக்கணும், அப்பத்தான் அதிர்வு கிளாஸுக்கு ஏறும். நான் தொடைச்சுத் தொடைச்சு வச்சிருக்கேன். நல்ல பொருளை வாங்கிக் குடுத்த உன்னைப் போய் நாலு பேர் முன்னாடி அப்படிச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது." காது சுட்டது. ஆனால் சொன்ன பிறகு நெஞ்சு லேசாகிவிட்டது.

அவன் உட்கார்ந்து பையைத் திறந்தான். உள்ளே இன்னொரு நுரைப் பெட்டி.

"எனக்கும் ஒண்ணு வாங்கியிருந்தேன். அன்னைக்கு வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தா அதுவும் ஓடல. நீங்க சொன்னது சரிதான், ஏமாந்துட்டேன்னு நெனச்சேன். கோவமெல்லாம் இல்ல மாமா. வெக்கமா இருந்துச்சு, அதான் வரல. இன்னைக்கு உங்களையே பிரிச்சுப் பார்க்கச் சொல்லலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

"நீயும் தொடைச்சியா?"

"தினம் பஸ் கண்ணாடி தொடைக்கிற கை மாமா."

இவள் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுவிட்டு, உள்ளே போய்ச் சீட்டுக்கட்டை எடுத்து வந்தாள்.