பதினோரு பேருக்குப் பிறகு

க்வெண்டா பில்லிங்குக்கு வயது ஐம்பத்தெட்டு. அச்சில் வந்த கவிதைப் புத்தகம் இரண்டு. மூன்றாவதை லண்டன் பதிப்பாசிரியர் க்ரிஸ்பின் வேனுக்கு ஏழு வருடத்தில் இரண்டு தடவை அனுப்பியாயிற்று. இரண்டு தடவையும் ஒரே பதில்: "மிகவும் சுவாரசியம். ஆனால், எங்கள் பட்டியலில் இப்போதைக்கு இடமில்லை." நேரில் வாசித்துக் காட்டினால் மனிதர் மசிவார் என்று நம்பி, ஒரு சனிக்கிழமை பிற்பகல் தன் ஊரான ஸ்கெல்பரோவின் நூலகத்தில் நடக்கும் கவிதைக் கூட்டத்துக்கு அவரை வரவழைத்துவிட்டாள். அவர் திரும்பிப் போக நாலே காலுக்கு ரயில்.

அந்த ஊர் வழக்கப்படி கூட்டத்தைக் கூட்டிய கவிஞருக்குக் கடைசி இடம். அதற்கு முன், வாசலில் இருக்கும் தாளில் பெயர் எழுதிய யாரும் ஆளுக்கொரு கவிதை வாசிக்கலாம். பதினோரு பேர் வந்திருந்தார்கள். தாளிலும் பதினோரு பெயர். சும்மா கேட்டுவிட்டுப் போக வந்த புண்ணியவான் ஒருத்தருமில்லை.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஹெட்லி பந்தயப் புறாக்களைப் பற்றி ஆரம்பித்தார். "ரெண்டே ரெண்டுதான் கண்ணு" என்றவர் ஆறு வாசித்தார். போதும் என்று சொல்ல அந்த அறையில் ஒரு வாய் இல்லையே! எல்லாரும் மரியாதைக்காரர்கள். க்வெண்டாவின் கண் கடிகாரத்தில் இருந்தது. கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. வாசித்து முடித்தவர்கள் ஒவ்வொருவராக, மேசையில் வைத்திருந்த கேக்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நழுவினார்கள்.

நாலு மணிக்கு மிஞ்சியது அவளும் க்ரிஸ்பினும்தான். ஸ்டேஷன் எதிர்ப்புறம். இரண்டு கவிதைக்குத் தாராளமாக நேரமிருந்தது. அவள் எழுந்தாள். அவரும் எழுந்தார், கோட்டுப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்துக்கொண்டு.

"தப்பா நினைக்காதீங்க க்வெண்டா. நானும் ஒண்ணு எழுதியிருக்கேன். முப்பது வருஷத்துல என்னை வாசிக்கச் சொல்லி யாருமே கேட்டதில்ல."

முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே? சொன்னாளா? உட்கார்ந்தாள்.

கவிதையில் விவாகரத்து வந்தது, கடல் வந்தது, மறுபடியும் விவாகரத்து வந்தது. நாலு பத்துக்கு முடித்து, அவசரமாகக் கோட்டை மாட்டிக்கொண்டே, அவள் கவிதைகளைத் தபாலில் அனுப்பச் சொன்னார். கதவு வரை போனவர் திரும்பினார்.

"ஒளிக்காமச் சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?"

க்வெண்டா பிரிக்காத தன் தாள்களைப் பைக்குள் வைத்தாள்.

"ரொம்ப சுவாரசியம்," என்றாள், நல்ல சிரித்த முகத்தோடு. "ஆனா, எங்க பட்டியல்ல இப்போதைக்கு இடமில்ல."

அவர் முகம் விழுந்ததைப் பார்த்தாள். மூன்றாவது புத்தகம் அத்தோடு போயிற்று என்பதும் தெரிந்தது. அவர் போனபின், தட்டில் மிச்சமிருந்த ஒரே கேக் துண்டை எடுத்து நிதானமாகச் சாப்பிட்டாள்.